டாக்டர் சுப்பாராவ் தந்த செல்வம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நாடுகளை வென்ற மன்னர்களின் பெயர்களைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். நோய்களை வென்ற அறிஞர்களின் பெயர்களையோ படிக்காமலேயே மறந்துவிடுகிறோம். மருத்துவ உலகம் நன்கு அறிந்திருந்தும் நம் வீடுகளில் பேசப்படாத அப்படிப்பட்ட பெயர்களுள் ஒன்று டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரையும், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு முதன்முதலாக நம்பிக்கை அளித்த மருந்தும், டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த மருந்தும் அவர் தலைமை ஏற்றிருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தவை. கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டதும் அதே ஆய்வுக்கூடம்தான்.

அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி மலரில் எழுத விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் தந்த செல்வத்தை இன்று நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதை, தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் கண்டேன். அதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் அப்பெருமகனாரின் வாழ்வைக் காண்போம்.

இளமையும் வறுமையும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையாருக்கு உடல்நலம் குன்றியதால் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி, ஒருநாள் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டான். தாய் வெங்கம்மா விடவில்லை. தேடிப் பிடித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் இரண்டு முறை தோல்வியுற்றார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை தேறினார். மகனின் படிப்பிற்காகத் தாய் தம் நகைகளை விற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். அந்நாளில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற வேட்கை அவருக்கு மிகுந்திருந்தது. தாயின் சம்மதம் கிடைக்கவில்லை. துறவுக்குப் பதில் மருத்துவத் தொண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதராடை அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதற்கு அடுத்த படியான எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அந்தச் சிறிய குறையே பிற்காலத்தில் அவரை எங்கெல்லாமோ தள்ளிக்கொண்டு போயிற்று.

உடன்பிறந்தார் இருவரைப் பறித்த நோய்

அவருடைய வாழ்வின் திசையைத் திருப்பியது ஒரு நோய். அதன் பெயர் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் காணப்படும் குடல்நோய் அது. ஓயாத வயிற்றுப்போக்கு, உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது, இரத்தம் வற்றி, உடல் மெலிந்து, மனிதன் கண்ணெதிரே தேய்ந்துபோவான். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் குறுகிய இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இந்நோய்க்குப் பலியாயினர். ஒரு மருத்துவ மாணவன், தன் வீட்டிலேயே இரண்டு சாவுகளைத் தடுக்க வழியின்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அவருக்கும் அதே நோய் கண்டது. ஆயுர்வேத வல்லுநர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார்.

மருந்து இல்லாத நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. மாமனாரின் உதவியோடும் ஓர் அறக்கட்டளையின் ஆதரவோடும் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி அம்மையார் இங்கேயே காத்திருந்தார். சென்றவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

இரவில் ஊழியர், பகலில் மாணவர்

பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. பிழைப்புக்கு வழி கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கு மருத்துவராகப் பணிபுரிய முடியாது. ஆகவே ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலத்தட்டுகளையும் சிறுநீர்க் கலங்களையும் கழுவி வைப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. மருத்துவம் கற்றுத் தேறிய ஒருவர், கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஒருவர், அந்நிய நாட்டில் இரவெல்லாம் மலத்தட்டு கழுவினார், பகலில் படித்தார். அவர் அதை இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை. அந்த வேலையும் நோய் தீர்க்கும் தொண்டின் ஒரு பகுதி என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

பின்னர் ஹார்வர்டில் உயிர்வேதியியல் அறிஞர் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925ல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரோடு இன்றும் உயிர்வேதியியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கி, தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடும் எளிய முறை அது. வேதியியல் மாணவர்களாகிய நாம் அந்த நீலத்தைக் காணும்போது, அதற்குள் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் இருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1927ல் தசைகளில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929ல் உயிர்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டறிந்தனர். அதே 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். 1930ல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி அளிக்கப்படவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

எட்டே ஆண்டுகளில்

லெடர்லியில் அவர் வாழ்ந்தது எட்டு ஆண்டுகளே. 1945ல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்து வெளியிட்டனர். 1947ல் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் வந்தது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவர்கள் உருவாக்கிக் கொடுக்க, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அவற்றைக் கொண்டு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகவேனும் தணித்து, 1948ல் உலகுக்கு அறிவித்தார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் பயன்படுகிறது.

இவற்றோடு ஒரு மாபெரும் தேடலும் நடந்தது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928ல் கண்ட பென்சிலின் சிலவகைப் பாக்டீரியங்களை மட்டுமே அழித்தது. 1943ல் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசினை ஊசியாகவே போட வேண்டியிருந்தது. பலவகைக் கிருமிகளையும் அடக்கக்கூடிய, வாயால் விழுங்கக்கூடிய ஒரு மருந்து மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைக்காதா என்று லெடர்லியில் தேடினர். இந்தத் தேடலை நடத்தியவர் பெஞ்சமின் டக்கர். 1872ல் பிறந்த அத்தாவரவியல் பேராசிரியர் எழுபது வயது கடந்து பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கிழவர் என்று உலகம் ஒதுக்கும் பருவத்தில், அவர் பல இடங்களிலிருந்து மண் மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் பழைய சோதனை வயல் ஒன்றிலிருந்து வந்த மண்ணில், பொன்னிறப் பொருளைச் சுரக்கும் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அதிலிருந்து பிரித்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் பிள்ளை இதுவே.

1948 ஜூலையில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள், ஆகஸ்டில், டாக்டர் சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அவருடைய உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் தரும் சிகிச்சை என்ன? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்துப் பல மாதங்கள் கொடுப்பதே. ஒன்று அவருடைய குழுவினர் ஆக்கியது. மற்றொன்று அவர் தலைமையில் கிடைத்த மருந்தின் வழிவந்தது. உடன்பிறந்தாருக்குக் கொடுக்க முடியாமற்போனதை உலகத்தாருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார் சுப்பாராவ்!

முதியோர் இல்லத்தில் கண்டது

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாங்கள் சிலர் ஒரு முதியோர் இல்லத்திற்குத் தொண்டு செய்யச் சென்றிருந்தோம். ஆனி மாதத்துச் சாரல் காலம் அது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. இல்லத்திலோ துவைத்த படுக்கை விரிப்புகள் நாட்கணக்கில் உலராமல் தாழ்வாரத்தில் தொங்கின. ஈரம் போகாத விரிப்பில் படுத்த தாத்தா ஒருவருக்கு இடுப்பில் படைபடர்ந்திருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பாட்டிக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. குழாயின் முனையிலிருந்த பை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அங்கே பணிபுரிந்த அக்கா அன்பானவர். இருபதுக்கும் மேற்பட்ட முதியோரை ஒருவராகவே பார்த்துக்கொண்டார். அவரிடம் ஒரு தகர டப்பா இருந்தது. முன்பு இருந்தவர்களுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகள் அதில் சேர்ந்திருந்தன. பாட்டியின் சிறுநீர் கலங்கலாகத் தெரிந்தாலோ வாடை அடித்தாலோ அந்த டப்பாவிலிருந்து ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று நாளைக்குக் கொடுப்பது வழக்கம் என்றார். அவ்வாறு பலமுறை கொடுத்தாயிற்று. இப்போது பாட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டு, எழுந்து உட்காரவும் வலுவில்லாமற் போயிருந்தது. இதில் அந்த அக்காவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை. எவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதே உண்மை.

மறுநாள் பாட்டியைப் பார்க்க வந்த மருத்துவர் முதலில் மாத்திரையை நிறுத்தினார், குழாயை மாற்றினார், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் செய்தார். எங்களை அழைத்துப் பொறுமையாக விளக்கவும் செய்தார். அன்று கேட்டதையும், பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சிறுநீரில் கிருமி இருப்பது வேறு. சிறுநீர்த் தொற்றுநோய் இருப்பது வேறு. மேல்நாட்டு முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகளின்படி, எவ்விதத் தொல்லையும் இல்லாத மூதாட்டிகளில் 25 முதல் 50 விழுக்காட்டினரின் சிறுநீரில் பாக்டீரியங்கள் காணப்படுகின்றன. நெடுநாள் குழாய் பொருத்தியவர்களில் ஏறத்தாழ எல்லாருக்குமே அவை இருக்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், புதிதாகத் தோன்றிய எரிச்சல், விலாப்பக்க வலி போன்ற குறிகள் இல்லாதபோது, வெறும் கலங்கலுக்கும் வாடைக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் முதியவருக்கு நன்மை இல்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தார் 2005லும் 2019லும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீரின் நிறமும் வாடையும் மாறும். அதற்கு மருந்து தண்ணீரே.

தேவையற்ற மருந்து சும்மா வந்துவிட்டுப் போவதில்லை. நம் குடலில் வாழும் நல்ல பாக்டீரியங்களையும் அது அழிக்கிறது. அவ்விடம் காலியானதும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலி என்னும் கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். முதியோருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதன் வித்துகள் சானிடைசரால் சாவதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவினால்தான் நீங்கும். மேலும் வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் திறன் குறைவதால், இளைஞனுக்குப் பொருந்தும் மருந்தளவு முதியவருக்கு மிகையாகிவிடவும் கூடும்.

மருந்து தோற்கும் விதம்

இவை அந்த ஒரு பாட்டிக்கு வரும் தீங்குகள். ஊருக்கே வரும் தீங்கு ஒன்று உண்டு. டெட்ராசைக்ளின், பாக்டீரியத்தினுள் புரதம் கட்டும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துகிறது. சில பாக்டீரியங்கள் அம்மருந்தை உள்ளே வந்த வழியே வெளியேற்றும் புரத எந்திரங்களைப் பெற்றுள்ளன. மருந்து மழைபோல் பெய்யும் இடத்தில் எளிய கிருமிகள் மடிய, இவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அத்துடன் நில்லாமல், எதிர்ப்புக்கான மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையங்களில் ஏற்றி வேறு இனக் கிருமிகளுக்கும் வழங்கிவிடுகின்றன. 1950களிலேயே ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் டெட்ராசைக்ளின் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அடங்க மறுத்தன.

சுப்பாராவ் மறைந்தபின் லெடர்லியிலேயே இன்னொன்று நடந்தது. ஆரியோமைசின் தயாரித்து எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் அவை விரைந்து வளர்கின்றன என்று 1950ல் அறிவித்தனர். நோயில்லாத கால்நடைகளுக்கும் ஆன்டிபயாடிக் ஊட்டும் வழக்கம் உலகெங்கும் அதன்பின் பரவியது. உயிர்காக்க வந்த மருந்து எடைகூட்டும் பொருளாயிற்று. எளிதில் விழுங்கலாம் என்பதே அதன் சிறப்பு. எளிதில் விழுங்கிவிடுகிறோம் என்பதே அதற்கு வந்த கேடு.

முதியோர் இல்லத்தில் இக்கேடு விரைந்து பரவும். ஒரே கூரையின்கீழ் பலர் வாழ்கின்றனர். ஒரே கைகள் எல்லாரையும் தொட்டுத் தூக்குகின்றன. ஒருவர் மருத்துவமனைக்குப் போய் வருகிறார், மற்றவருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது. ஒருவருடைய உடலில் வலுப்பெற்ற கிருமி அடுத்த கட்டிலுக்குப் போக அதிக நேரம் ஆகாது. பிறகு உண்மையிலேயே நிமோனியாவோ இரத்தத் தொற்றோ வரும் நாளில், வழக்கமான மருந்து வேலை செய்யாமல் கைவிட்டுவிடும். அந்த நாளில், சுப்பாராவின் இளமையில் அவர் வீட்டார் நின்ற நிலையில் நாம் நிற்போம். மருந்து என்று ஒன்று இருந்தும் இல்லாததாக ஆகிவிடும்.

இதனை உணர்ந்து நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. 2012ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டு பெற்று, பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்ற எச்-1 அட்டவணை விதி நடைமுறைக்கு வந்தது. 2016ல் மருந்து அட்டைகளின்மேல் காணும் சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு விளக்கும் இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. கோடு போட்ட அட்டையை மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது என்பதே அதன் பொருள்.

நாம் செய்யக்கூடியது

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வராமற் காப்பது எளிது. ஒருவரைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன் சோப்பால் கைகழுவுதல், சிறுநீர்க் குழாயை அவசியம் தீர்ந்ததும் எடுத்துவிடுதல், பையைத் தரையில் படாமலும் இடுப்புக்குக் கீழாகவும் தொங்கவிடுதல், படுக்கையில் கிடப்போரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மலத்தட்டைக் கழுவி உலர்த்துதல், மருத்துவரைக் கலந்து தடுப்பூசி போடுதல், மிஞ்சிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடாதிருத்தல் ஆகியவை பெரும் செலவில்லாதவை. சாரல் காலத்துச் சளியும் தும்மலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் முதியவருக்கு மூச்சிரைப்போ, திடீர் மனக்குழப்பமோ, சோர்ந்து சாப்பிடாமையோ கண்டால் காய்ச்சல் இல்லையென்று வாளாவிருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். தேவைப்படும்போது மருந்தை மறுப்பதும் தீங்கே.

நாங்கள் இல்லத்திலிருந்து திரும்புமுன் கைகழுவும் இடத்தில் சோப்பு வைத்தோம். பையைக் கட்டிலின் ஓரத்தில் கொக்கியிட்டு மாட்டினோம். தகர டப்பாவிலிருந்த மாத்திரைகளை அந்த அக்காவின் சம்மதத்தோடு மருத்துவரிடமே ஒப்படைத்தோம். ஒரு தாளில் ஒவ்வொருவரின் பெயரும், கொடுக்கும் மருந்தும், எந்த நோய்க்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதும் எழுதக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினோம். பாட்டி தேறி, கஞ்சி குடிக்கத் தொடங்கியதாகப் பின்னர் அறிந்தோம்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். என் வீட்டில் மருந்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவர் என்னைத் தவிர வேறு எவரும் இலர். அட்டையில் உள்ள பெயரையும், சிவப்புக் கோட்டையும், காலாவதியாகும் நாளையும் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. நம் தெருவிலும் நம் ஊர் முதியோர் இல்லத்திலும் அதைச் செய்வதற்குப் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர் சுப்பாராவின் நூற்றாண்டான 1995ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. நாம் அவருக்குச் செய்யக்கூடிய சிறப்பு வேறொன்று உண்டு. அவர் ஆய்வுக்கூடம் தந்த மருந்து, உண்மையாகவே வேண்டியிருக்கும் முதியவர் ஒருவரின் உடலில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வேலை செய்ய வேண்டும். அதற்கு முதலில் வேண்டுவது, பாஸ்டனில் இரவெல்லாம் அவர் செய்த தொண்டு. கழுவுவதைக் கழுவி, காக்க வேண்டியதைக் காத்து, மருந்தை மருந்தாகவே வைத்திருப்போமாக.